மரபணுப் பரிசோதனையைத் தானியங்கியாக்குவது எப்படி: ரத்த ட்யூப் முதல் கையெழுத்து வரை

மரபணு லேபைத் தானியங்கியாக்கப் போகிறோம் என்று வெளியே தெரிந்ததும் முதலில் வந்து நிற்பது ரோபோ கம்பெனியின் கொட்டேஷன்தான். பைப்பெட் பிடிக்கும் கைக்குப் பதில் இயந்திரக் கை, வேலை முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். நான் பார்த்தவரை மரபணு லேபில் பெரிய தவறுகள் பைப்பெட் முனையில் நடப்பதில்லை. ஒரு எண்ணைப் பார்த்து இன்னொரு இடத்தில் எழுதும்போது நடக்கின்றன. அதனால் என் வரிசை வேறு: முதலில் எழுதுவதை ஒழியுங்கள், அடுத்து கணக்குப் போடுவதை, அப்புறம் பைப்பெட் பிடிப்பதை, அதற்கும் பிறகு தரவு அலசுவதை. கையெழுத்து கடைசிவரை மனிதருடையது.

பொதுவாகப் பேசினால் எதுவும் ஒட்டாது என்பதால் ஒரே பரிசோதனையை எடுத்துக்கொள்கிறேன். பீட்டா தலசீமியா, அரிவாள் செல் நோய் இரண்டுக்கும் காரணமான எச்பிபி மரபணு. இந்தியாவில் அரிவாள் செல் முதன்முதலில் பதிவானது 1952இல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம். 2023 ஜூலை 1 அன்று தொடங்கிய தேசிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கம் 7 கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்தது. முதல்கட்டப் பரிசோதனைக்கு மரபணு லேப் தேவையில்லை. ஆனால் தம்பதி இருவருமே கேரியர் (நோயின்றி மாற்றத்தைச் சுமப்பவர்) என்று தெரிந்த பிறகு, கருவுக்கு என்ன என்று கேட்டு வரும் ட்யூப்கள் நம்மிடம்தான் வரும்.

படி 1: ஒரு ட்யூபின் பின்னாலேயே நடந்து பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன், ஒரு சாம்பிள் வரவேற்பு மேசைக்கு வந்ததிலிருந்து ரிப்போர்ட் போகும்வரை கூடவே போங்கள். கையில் ஒரு நோட்டு. மூன்று விஷயங்களை மட்டும் குறியுங்கள்: எண்ணைக் கையால் எழுதும் அல்லது டைப் செய்யும் இடங்கள், மனிதர் கணக்குப் போடும் இடங்கள், சாம்பிள் சும்மா காத்திருக்கும் நேரம்.

பெரும்பாலும் மூன்றாவது பட்டியல்தான் அதிர்ச்சி தரும். பிளேட் (96 குழி கொண்ட தட்டு) நிரம்பட்டும் என்று காத்திருந்த நாட்கள், டாக்டரின் மேசையில் ரிப்போர்ட் கிடந்த நாட்கள். இந்த இரண்டையும் எந்த ரோபோவும் குறைக்காது.

எண்ணிக்கையைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிடலாம். எச்பிபி சின்ன ஜீன். சுமார் 1,600 எழுத்துகள், புரதத்துக்கான குறிப்பு இருக்கும் மூன்று எக்ஸான்கள், அவ்வளவே. வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சாம்பிள் மட்டும் வரும் லேபுக்கு தெரிந்த மாற்றங்களைத் தேடும் ஆர்ம்ஸ் பிசிஆரும், டிஎன்ஏவை எழுத்தெழுத்தாகப் படிக்கும் சாங்கர் சீக்வென்சிங்கும் போதும். அங்கே 96 குழி ரோபோவைக் கொண்டுவந்து நிறுத்துவது வீண் செலவு. டிஎன்ஏ பிரிக்க ஒரே தடவையில் 12 சாம்பிள் எடுக்கும் கியாக்யூப் கனெக்ட், 16 எடுக்கும் மேக்ஸ்வெல் போன்ற கார்ட்ரிட்ஜ் இயந்திரம் வாங்கினாலே பாதி வேலை குறையும். பரம்பரைப் புற்றுநோய், இதயத்தசை நோய் என்று மற்ற ஜீன்களையும் ஒரே என்ஜிஎஸ் (பல ஜீன்களை ஒரே நேரத்தில் படிக்கும் முறை) பேனலில் சேர்த்து ஓட்டும்போதுதான் முழுத் தானியக்கம் கட்டுப்படியாகும். கீழே சொல்வதெல்லாம் அப்படிப்பட்ட நடுத்தர லேபை மனதில் வைத்து.

படி 2: அடையாளம்

பார்கோடு லேபுக்குள் வைத்து ஒட்டப்படக் கூடாது. ரத்தம் எடுக்கும் இடத்திலேயே, நோயாளியின் எதிரில் ஒட்டப்பட வேண்டும். லேபுக்கு வந்த பிறகு இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டினால், அந்த இரண்டு ஸ்டிக்கருக்கும் நடுவே ஒரு ஆள் மாறாட்டத்துக்கு இடம் விடுகிறீர்கள்.

நம் ஊர்ப் பெயர் வழக்கம் இதில் கூடுதல் சிக்கல். ஒரு பெயர், ஓர் இனிஷியல், அவ்வளவுதான். அதே லட்சுமி ஒரு படிவத்தில் ‘லட்சுமி’, இன்னொன்றில் ‘லக்ஷ்மி’, ஆங்கிலத்தில் எழுதும்போது இன்னும் நாலு விதம். எனவே பெயரை அடையாளமாக நம்பவே வேண்டாம். லேபின் பதிவுகளை நிர்வகிக்கும் எல்ஐஎஸ் மென்பொருள் உருவாக்கும் எண், அதன் கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம், அதோடு பிறந்த தேதி. குடும்பத்துக்குத் தனியாக ஓர் எண். அப்பா, அம்மா, கருவின் சாம்பிள் மூன்றும் ஒரே நாளில் வரும்போது யார் யாருக்கு என்ன உறவு என்பது அந்தக் குடும்ப எண்ணில் இருக்க வேண்டும், டெக்னீஷியனின் ஞாபகத்தில் அல்ல.

வரவேற்பு மேசையில் மென்பொருளே தடுத்து நிறுத்த வேண்டிய சில விஷயங்கள் உண்டு. ட்யூப் ஊதா மூடி, அதாவது இடிடிஏ இல்லையென்றால் ஏற்கக் கூடாது. பச்சை மூடியில் இருக்கும் ஹெபாரின் பிசிஆரைத் தடுக்கும். கடந்த மூன்று மாதத்தில் ரத்தம் ஏற்றப்பட்டதா, எப்போதாவது எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடந்ததா என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் இல்லாமல் அடுத்த திரைக்கே போக முடியாதபடி வைத்துவிடுங்கள். தலசீமியா நோயாளிகள் ரத்தம் ஏற்றிக்கொண்டே இருப்பவர்கள். ஏற்றிய ரத்தம் எச்பிஎல்சி (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் சோதனை) அளவுகளைக் குழப்பும். மஜ்ஜை மாற்றியவர் விஷயம் இன்னும் மோசம். அவர் ரத்தத்தில் இருக்கும் டிஎன்ஏ கொடையாளியுடையது. எவ்வளவு நுட்பமான இயந்திரத்தில் ஓட்டினாலும் வேறொருவருடைய விடையே துல்லியமாக வரும்.

படி 3: டிஎன்ஏ பிரித்தெடுத்தல்

இது எளிதான படி, சீக்கிரம் கடந்துவிடலாம். கோவிட் காலத்தில் ஆர்டி-பிசிஆருக்காக வாங்கிய, நுண் காந்தமணிகளில் டிஎன்ஏவை ஒட்டவைத்துப் பிரிக்கும் இயந்திரங்கள், குறிப்பாக கிங்ஃபிஷர், பல லேப்களில் இப்போதும் நிற்கின்றன. அவற்றையே பயன்படுத்தலாம். ஆனால் ரத்தத்துக்கான கிட் வேறு, புரோகிராம் வேறு, கலக்கும் நேரம் வேறு. மூக்குத் திரவத்தின் புரோகிராமை அப்படியே ஓட்டினால் டிஎன்ஏ அளவு பாதிகூடத் தேறாது.

உறைகட்டி இருக்கும் ட்யூப் டிப்பை (பைப்பெட்டின் நுனிக் குழாய்) அடைக்கும். ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு ட்யூபையும் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பது கைவேலைதான், இருக்கட்டும். பிளேட்டின் ஒரு குழியில் தெரிந்த டிஎன்ஏ உள்ள கட்டுப்பாட்டு ரத்தம், இன்னொன்றில் டிஎன்ஏ இல்லாத கரைசல், அதாவது வெறும் பஃபர். வெறும் பஃபரிலிருந்து டிஎன்ஏ வந்தால் அந்த பிளேட் முழுவதும் நிறுத்தப்பட வேண்டும்.

இந்தக் கட்டத்திலேயே ஒரு காப்பீடு எடுத்து வையுங்கள். அதே ட்யூபிலிருந்து தனியாக எடுத்த சிறு பங்கில் சுமார் 24 எஸ்என்பிகளை (ஆளுக்கு ஆள் ஒற்றை எழுத்தில் மாறும் இடங்கள்) வேறொரு முறையில் பார்த்துவிடுங்கள். கடைசியில் என்ஜிஎஸ் தரவில் அதே எஸ்என்பிகள் பொருந்துகின்றனவா என்று மென்பொருள் தானாக ஒப்பிடும். நடுவில் எங்கே சாம்பிள் மாறியிருந்தாலும் இதில் மாட்டிக்கொள்ளும். ‘எங்கள் லேபில் மாறவே மாறாது’ என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இதைச் செய்து பார்க்காதவர்கள்.

படி 4: அளவும் கணக்கும்

லேபில் முதலில் ஒழிய வேண்டிய பொருள் எக்செல். கடுமையாகத் தெரியலாம், ஆனால் காரணம் இருக்கிறது. பார்கோடு 00481 என்று இருந்தால் எக்செல் முன்னால் இருக்கும் பூஜ்யங்களை விழுங்கி 481 ஆக்கிவிடும். சில ஜீன் பெயர்களைத் தேதி என்று நினைத்து மாற்றிவிடும். இந்தத் தொல்லை தாங்காமல் 2020இல் மனித ஜீன்களுக்குப் பெயர் வைக்கும் குழுவே செப்டின், மார்ச் வகை ஜீன்களின் குறியீட்டை மாற்றியது. ஒரு மென்பொருளுக்காக ஜீன்கள் பெயர் மாற்றிக்கொண்டன. எக்செலில் இதை நிறுத்திவைக்கும் வசதி 2023இல்தான் வந்தது.

டிஎன்ஏ அளவை நானோட்ராப்பில் பார்த்து அதையே கணக்குக்கு எடுக்காதீர்கள். அது ஆர்என்ஏவையும் உதிரி நியூக்ளியோடைடுகளையும் சேர்த்து அளக்கும். தூய்மை பார்க்க அது சரி. அளவுக்கு இரட்டை இழை டிஎன்ஏவில் மட்டும் ஒளிரும் சாயம், அதாவது க்யூபிட் அல்லது பிகோகிரீன். பிளேட் ரீடரில் பிகோகிரீன் ஓட்டினால் 96 குழியின் அளவும் ஒரே கோப்பாக வரும். அந்தக் கோப்பை எல்ஐஎஸ் நேரடியாகப் படிக்க வேண்டும்.

அடுத்து சமன்செய்தல். எல்லா சாம்பிளும் 50 மைக்ரோலிட்டரில், மைக்ரோலிட்டருக்கு 10 நானோகிராம் என்று வர வேண்டும் என வைத்துக்கொள்வோம். மொத்தம் 500 நானோகிராம். ஒரு சாம்பிள் 48.6 என்று வந்தால் 10.3 மைக்ரோலிட்டர் டிஎன்ஏ, 39.7 பஃபர். சுலபம். அடுத்த சாம்பிள் 412 என்று வருகிறது. கணக்குப்படி 1.2 மைக்ரோலிட்டர் எடுக்க வேண்டும். உங்கள் ரோபோ 2 மைக்ரோலிட்டருக்குக் கீழே நம்பகமாக எடுக்காது என்றால் இந்தக் கணக்கு தாளில் மட்டுமே சரி. எனவே விதியை முன்கூட்டியே எழுதி வையுங்கள்: எடுக்க வேண்டிய அளவு 2க்குக் கீழே வந்தால் முதலில் பத்து மடங்கு நீர்த்து, 41.2 ஆக்கி, அதிலிருந்து 12.1 எடு. டிஎன்ஏ செறிவே 10க்குக் கீழே வந்தால் நீர்க்காதே, மறுபடி பிரித்தெடுக்கும் பட்டியலில் போடு. கைவேலை செய்யும் அனுபவசாலி டெக்னீஷியன் இதை யோசிக்காமலே செய்துவிடுவார். ரோபோவுக்கு நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். தானியக்கத்தின் உண்மையான உழைப்பு இப்படி வாயால் சொல்லப்படாத விதிகளை எழுத்தில் கொண்டுவருவதுதான், அதற்கு அந்த டெக்னீஷியனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலைப்பட்டியலை எல்ஐஎஸ் உருவாக்கும், ரோபோ படிக்கும். முடிந்ததும் எந்தக் குழியிலிருந்து எந்தக் குழிக்கு எவ்வளவு போனது என்று ரோபோ பதிவுக் கோப்பு தரும், எல்ஐஎஸ் இரண்டையும் ஒப்பிடும். நடுவில் பென் டிரைவ் வந்தால் நீங்கள் இன்னும் தானியங்கியாகவில்லை.

படி 5: ரோபோ மேடையில் லைப்ரரி தயாரிப்பு

லைப்ரரி என்பது சீக்வென்சர் படிக்கும்படி முனைகளில் அடாப்டர்கள் ஒட்டப்பட்ட டிஎன்ஏ துண்டுகளின் தொகுப்பு. இதைச் செய்யும் ரோபோக்களில் ஹாமில்டன், டீக்கான், பெக்மன் பயோமெக், அஜிலென்ட் பிராவோ, விலை குறைவாக ஓபன்ட்ரான்ஸ் என்று தேர்வுகள் பல. எதை வாங்குவது என்பதைவிட, வாங்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் ஊருக்கு சர்வீஸ் எஞ்சினியர் எத்தனை நாளில் வருவார்? அப்புறம், டிப் யாரிடம் வாங்க வேண்டும்? பல ரோபோக்கள் தங்கள் டிப்பைத் தவிர வேறெதையும் ஏற்காது. கோவிட் காலத்தில் டிப் தட்டுப்பாட்டால் நல்ல இயந்திரங்கள் சும்மா நின்றன. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் (ஏஎம்சி) ஒரு வருட டிப் செலவையும் சேர்த்துக் கூட்டினால்தான் உண்மையான விலை தெரியும்.

இயந்திரம் வந்த பிறகு அதிக நேரம் எடுப்பது திரவ அமைப்புகள். தண்ணீருக்கு எழுதிய வேகத்தில் எல்லாத் திரவமும் நடக்காது. கிளிசரால் கலந்த என்சைம் விளக்கெண்ணெய் போல டிப்பின் வெளிப்புறத்திலும் ஒட்டிக்கொண்டு வரும். அதை மெதுவாக உறிஞ்ச வேண்டும், டிப்பைத் திரவத்தின் மேற்பரப்பிலேயே வைக்க வேண்டும், உறிஞ்சியபின் ஒரு கணம் நிறுத்த வேண்டும். எத்தனால் நேர்மாறு, டிப்பிலிருந்து தானாகச் சொட்டும். டிப்பை ஒருமுறை நனைத்துவிட்டு உறிஞ்சி, நுனியில் கொஞ்சம் காற்றை இழுத்து வைத்தால் சொட்டாது. காந்த மணிகள் அடியில் படிந்துவிடும் என்பதால் பிளேட்டின் ஒவ்வொரு பத்திக்கும் (எட்டுக் குழி கொண்ட நெடுவரிசை) முன் தொட்டியைக் கலக்க வேண்டும். முதல் பத்திக்கும் பன்னிரண்டாம் பத்திக்கும் லைப்ரரி அளவு சீராக இறங்கிக்கொண்டே போனால் வேறெங்கும் தேடாதீர்கள், மணிகள் படிந்திருக்கின்றன.

மணியின் விகிதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். 50 மைக்ரோலிட்டர் டிஎன்ஏவுக்கு 40 மணிக் கரைசல் சேர்த்தால் விகிதம் 0.8. ரோபோ 2 மைக்ரோலிட்டர் குறைத்துப் போட்டால் 0.76, கூட்டிப் போட்டால் 0.84. எந்த நீளத் துண்டுகள் மணியில் ஒட்டும், எவை கழுவப்பட்டுப் போகும் என்பதை இந்த விகிதம்தான் முடிவு செய்கிறது. கூடிவிட்டால் அடாப்டர்கள் தங்களுக்குள் ஒட்டி உருவாகும் குட்டித் துண்டுகளும் உள்ளே தங்கி, சீக்வென்சரின் இடத்தைத் தின்னும். முந்தைய படியில் ஆவியாகிப் போன 3 மைக்ரோலிட்டரும் இதே கேட்டைச் செய்யும். எனவே மூடி இல்லாமல் சூடாக்கும் படி எதையும் மேடையில் விடாதீர்கள். எத்தனால் கழுவிய பின் மணிகளை அளவுக்கு மீறி உலரவிட்டால் வெடிப்பு விழும், டிஎன்ஏ திரும்ப வராது. அந்த நேரம் அறையின் ஈரப்பதத்தைப் பொறுத்தது. சென்னையில் ஏசி ஓடும் நாளுக்கும் ஓடாத நாளுக்கும் வேறுபடும். அறை வெப்பமும் ஈரப்பதமும் பதிவாகும் கருவி ஒன்று ரோபோவின் பக்கத்திலேயே இருக்கட்டும்.

ரோபோ சொன்ன அளவைத்தான் போடுகிறதா என்று பார்க்க விலையுயர்ந்த கருவி இல்லாமலும் தொடங்கலாம். காலி பிளேட்டை நுண் தராசில் எடைபோடுங்கள். 96 குழியிலும் 10 மைக்ரோலிட்டர் தண்ணீர் போடச் சொல்லி, உடனே மறுபடி எடைபோடுங்கள். வித்தியாசம் 960 மில்லிகிராமுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இது சராசரியை மட்டுமே காட்டும். ஒரு குழியில் 7, இன்னொன்றில் 13 என்று விழுந்தாலும் மொத்தம் சரியாகவே வரும். எனவே அடுத்து சாயம் கலந்த தண்ணீரைப் போட்டு பிளேட் ரீடரில் குழிவாரியாகப் பாருங்கள்.

சாம்பிள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சிந்துகிறதா என்பதற்குச் சதுரங்கப் பலகை முறை: ஒரு குழி செறிவான டிஎன்ஏ, அடுத்த குழி வெறும் பஃபர், இப்படி மாற்றி மாற்றி 48, 48. முழு வேலையையும் ஓட்டுங்கள். வெற்றுக் குழிகளில் ஏதாவது பெருகினால் எந்தக் குழி என்பதைப் பார்த்தே ரோபோவின் கை எந்த வழியில் போகும்போது சிந்துகிறது என்று பிடித்துவிடலாம்.

இட அமைப்பில் ஒரு கண்டிப்பு. பிசிஆருக்கு முந்தைய அறையும் பிந்தைய அறையும் தனித்தனி, ஒருவழிப் பாதை. ஒரே ரோபோதான் வாங்க முடியும் என்றால் முந்தைய அறையில் வையுங்கள், பிந்தையதைக் கையால் செய்யுங்கள். ‘ஒரே மேடையில் எல்லாம்’ என்று விற்பனைப் பிரதிநிதி காட்டும் வீடியோ அழகாக இருக்கும். பெருகிய டிஎன்ஏ காற்றில் கலந்து அடுத்த நாள் சாம்பிளுக்குள் விழுந்தால் சுத்தம் செய்ய அவர் வரமாட்டார்.

படி 6: சீக்வென்சர்

இங்கே தானியக்கம் ஏற்கெனவே இயந்திரத்துக்குள் இருக்கிறது. நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு. சாம்பிள் பட்டியல் கோப்பை எல்ஐஎஸ் உருவாக்கட்டும், யாரும் டைப் செய்ய வேண்டாம். எந்த சாம்பிள் என்று காட்டும் இண்டெக்ஸ் குறியீடு இரு முனையிலும் தனித்துவமானதாக இருக்கட்டும். புதிய வகை இலுமினா ஃப்ளோசெல்களில் இண்டெக்ஸ் ஒரு சாம்பிளிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது தெரிந்த விஷயம். அடுத்தடுத்த ரன்களுக்கு ஒரே இண்டெக்ஸ் தொகுப்பைப் போடாமல் சுழற்றுங்கள். போன ரன்னின் மிச்சம் இந்த ரன்னில் தலைகாட்டினால் உடனே தெரியும்.

படி 7: தரவுப் பாதை

சீக்வென்சர் முடித்த கணத்தில் அடுத்த வேலை தானாகத் தொடங்க வேண்டும். படித்த எழுத்துகள் அடங்கிய ஃபாஸ்ட்கியூ கோப்பு, பிடபிள்யூஏ கொண்டு மரபணுத்தொகுதியில் பொருத்துதல், ஜிஏடிகே அல்லது டிராகன் கொண்டு மாற்றங்களைக் கண்டறிதல், மாற்றங்களின் பட்டியலான விசிஎஃப் கோப்பு. இந்தச் சங்கிலியை நெக்ஸ்ட்ஃப்ளோ அல்லது ஸ்னேக்மேக்கில் எழுதி, ஒவ்வொரு மென்பொருளையும் அதன் பதிப்போடு கன்டெய்னரில் (மாறாத மென்பொருள் பொதி) பூட்டுங்கள். ‘அப்டேட் வந்திருக்கிறது’ என்று ஒருவர் நல்லெண்ணத்தில் பொத்தானை அழுத்தினால் உங்கள் வேலிடேஷன் (முறை சரியாக வேலை செய்கிறது என்ற நிரூபணம்) அன்றோடு செல்லாது. ஒப்பீட்டு மரபணுத்தொகுதியின் பதிப்புகளான ஜிஆர்சிஎச் 37, 38 இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே லேபில் இருந்தால் என்றாவது ஒருநாள் 37இன் இட எண்ணை 38இன் தரவில் தேடுவீர்கள்.

சர்வருக்குக் கோப்பு போகும்போது நெட்வொர்க் அறுந்தால் அரைகுறைக் கோப்பும் முழுக் கோப்பு போலவே இருக்கும். இரண்டு பக்கமும் எம்டி5 (கோப்பின் சரிபார்ப்புக் குறியீடு) ஒப்பிட்டபின்தான் அலசல் தொடங்க வேண்டும்.

அடுத்து வாயில்கள். ஒவ்வொரு சாம்பிளும் சில வாயில்களைத் தாண்டினால்தான் மனிதர் கண்ணுக்கே போகும்: க்யூ30 விகிதம் (நம்பகமாகப் படிக்கப்பட்ட எழுத்துகளின் பங்கு), 20 மடங்குக்குக் கீழே (அதாவது 20 தடவைக்கும் குறைவாக) படிக்கப்பட்ட இடங்கள், இன்னொருவர் டிஎன்ஏ கலந்திருப்பதற்கான மதிப்பீடு, பதிவான பாலினமும் தரவின் பாலினமும் பொருந்துவது, படி 3இல் எடுத்த எஸ்என்பி ஒப்பீடு. எது தவறினாலும் ‘எச்சரிக்கை’ என்று மஞ்சள் நிறம் காட்டுவதில் பயனில்லை, ஒரு வாரத்தில் எல்லோருக்கும் மஞ்சள் பழகிவிடும். நிற்க வேண்டும். தாண்ட வேண்டுமானால் பெயரும் காரணமும் எழுதித்தான் தாண்ட வேண்டும்.

பெயரிடும் சிக்கல் ஒன்றை இங்கேயே தீர்க்க வேண்டும். இந்தியாவில் அடிக்கடி வரும் தலசீமியா மாற்றங்களில் ஒன்று 41, 42ஆம் கோடான்களில் (மூன்றெழுத்துக் கூட்டங்கள்) நான்கு எழுத்துகள் விடுபடுவது. பழைய கட்டுரைகளில் விடுபட்டது டிடிசிடி என்று ஒருவர் எழுதியிருப்பார், டிசிடிடி என்று இன்னொருவர், சிடிடிடி என்று மற்றொருவர். மூன்றும் ஒன்றுதான். அந்த இடத்தில் டிடிசிடிடிடி என்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வருவதால் எந்த நான்கை எடுத்தாலும் மிச்சம் ஒரே வரிசை. மாற்றங்களுக்குப் பெயரிடும் எச்ஜிவிஎஸ் விதி ஜீனின் கடைசிப் பக்கம் தள்ளி 126_129 என்று எழுதச் சொல்கிறது. விசிஎஃப் கோப்போ குரோமோசோமின் இடப்பக்கம் தள்ளி எழுதும். எச்பிபி எதிர் இழையில் இருப்பதால் இரண்டும் தற்செயலாக ஒத்துப்போகின்றன. முன் இழையில் இருக்கும் ஜீன்களில் இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் போகும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத் தரவுத்தளத்தில் தேடும் மென்பொருள், தெரிந்த நோய் மாற்றத்தையே ‘புதியது’ என்று சொல்லிவிடும். ஒப்பிடுவதற்கு முன் இரு பக்கமும் ஒரே முறையில் சீராக்கப்பட வேண்டும்.

படி 8: பொருள் சொல்லுதல்

ஏசிஎம்ஜி, ஏஎம்பி என்ற அமெரிக்க மருத்துவ அமைப்புகளின் 2015 வழிகாட்டி 28 அளவுகோல்களை வைத்து மாற்றங்களை, நோய் தருவது முதல் தீங்கற்றது வரை, ஐந்து வகையாகப் பிரிக்கிறது. இவற்றில் மக்கள்தொகையில் எவ்வளவு காணப்படுகிறது, புரதம் துண்டிக்கப்படுமா, கணினி முன்கணிப்பு என்ன என்பவற்றை மென்பொருள் நன்றாகவே நிரப்பும். குடும்பத்தில் நோயோடு சேர்ந்து வருகிறதா, நோயாளியின் அறிகுறிக்குப் பொருந்துகிறதா என்பவை மனித வேலை. மென்பொருள் கொடுத்த வகையை அப்படியே ஒப்புக்கொள்ளும் பொத்தானைத் திரையில் வைக்காதீர்கள். ஒவ்வொரு அளவுகோலையும் தனித்தனியாக ஏற்கவோ மறுக்கவோ வையுங்கள்.

மக்கள்தொகை வடிகட்டியில் நம் மண்ணுக்கே உரிய பள்ளங்கள் இருக்கின்றன. ‘ஒரு சதவீதத்துக்கு மேல் இருந்தால் தூக்கி எறி’ என்று வைத்தால் ஹீமோகுளோபின்-ஈ என்ற எச்பிபி மாற்றம் போய்விடும். வடகிழக்கு மாநிலங்களிலும் தென்கிழக்காசியாவிலும் அது மிகச் சாதாரணம். ஆனால் ஒரு பெற்றோரிடமிருந்து ஈயும் மற்றவரிடமிருந்து பீட்டா தலசீமியாவும் வந்தால் குழந்தைக்குக் கடுமையான நோய் வரலாம். இதயத்தசைப் பேனலில் எம்ஒய்பிபிசி3 ஜீனின் 25 எழுத்து நீக்கமும் இப்படித்தான். தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருப்பதாக 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. இவற்றுக்கெல்லாம் ‘வடிகட்டாதே’ பட்டியல் ஒன்று தனியாக வேண்டும். உலகத் தரவுத்தளமான நோமேடில் மட்டும் பார்க்காமல், இந்தியர்களின் இண்டிஜென், ஜீனோம் இந்தியா தரவுகளையும் பார்க்கும்படி அமையுங்கள்.

இனி 619, அதாவது 619 எழுத்துகள் விடுபடும் மாற்றம். இந்தியாவில் வரும் பீட்டா தலசீமியா மாற்றங்களில் பெரும்பகுதி ஐந்தே வகை (ஐவிஎஸ் 1 என்பது எக்ஸான்களுக்கு நடுவே வரும் முதல் இடைப்பகுதி): ஐவிஎஸ் 1-5 ஜி>சி, ஐவிஎஸ் 1-1 ஜி>டி, மேலே சொன்ன 41/42, கோடான் 8/9இல் ஒரு ஜி கூடுவது, அப்புறம் 619 எழுத்து நீக்கம். முதல் நான்கையும் எந்தச் சாதாரண மென்பொருளும் பிடிக்கும். ஐந்தாவது எச்பிபியின் கடைசிப் பகுதியைக் கொண்டுபோய்விடுகிறது. பிசிஆரைத் தொடங்கிவைக்கும் பிரைமர் துண்டு அந்தப் பகுதிக்குள் உட்கார்ந்திருந்தால் நீக்கம் உள்ள பிரதி பெருகவே பெருகாது. அப்பாவிடமிருந்து ஐவிஎஸ் 1-5, அம்மாவிடமிருந்து 619 நீக்கம் வந்த குழந்தையின் தரவில் ஐவிஎஸ் 1-5 மட்டும் நூறு சதவீதம் தெரியும். மென்பொருள் நம்பிக்கையோடு ‘இரு பிரதியிலும் ஐவிஎஸ் 1-5’ என்று எழுதும். அம்மாவின் தரவோ இயல்பு. அடுத்த கர்ப்பத்தில் கருவைச் சோதிக்க வரும்போது தவறான மாற்றத்தைத் தேடிக்கொண்டிருப்போம்.

இதைத் தடுக்க மூன்று விதிகள் போதும். ஒன்று, பீட்டா தலசீமியா கேரியரிடம் கூடும் ஹீமோகுளோபின் ஏ2 4 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்து, சீக்வென்சிங்கில் எதுவும் இல்லையென்றால் பெரிய நீக்கங்களைக் கண்டுபிடிக்கும் கேப்-பிசிஆரோ எம்எல்பிஏவோ தானாக ஆர்டர் ஆக வேண்டும். இரண்டு, குழந்தையிடம் இரு பிரதியிலும் ஒரே மாற்றம் தெரிந்தால், பெற்றோர் இருவரிடமும் அது காணப்படும்வரை ரிப்போர்ட் பூட்டப்பட்டிருக்க வேண்டும். மூன்று, எச்பிஎல்சி இயந்திரத்தின் விடை எல்ஐஎஸ்ஸுக்கு நேரடியாக வர வேண்டும். ஏனென்றால் முதல் விதிக்கு அந்த எண் தேவை.

படி 9: ரிப்போர்ட்

வார்ப்புரு வாக்கியங்களை விதிகளோடு இணைத்து வைத்தால் ரிப்போர்ட்டின் பெரும்பகுதி தானாக எழுதப்படும். அரிவாள் செல் மாற்றம் இருக்கும் இடத்தைப் பழைய எண்ணில் 6 என்றும் எச்ஜிவிஎஸ் எண்ணில் 7 என்றும் சொல்கிறார்கள். டாக்டர்களுக்குப் பழகியது 6, எனவே இரண்டையும் அச்சிடுங்கள். 20 மடங்குக்குக் கீழே படிக்கப்பட்ட பகுதிகள் ரிப்போர்ட்டிலேயே இருக்கட்டும். ‘ஒன்றும் இல்லை’ என்பதற்கும் ‘பார்க்கவில்லை’ என்பதற்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் தெரியும்.

இந்திய லேபுக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை. படி 7இல் பாலினப் பொருத்தம் பார்க்கச் சொன்னேன். கருவின் சாம்பிளில் அந்தக் கணக்கு ஓடினால் விடை ஏதோ ஒரு கோப்பில் உட்கார்ந்திருக்கும். 1994ஆம் ஆண்டின் கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டத்தின்படி அதை வெளிப்படுத்துவது குற்றம். எனவே கரு என்று குறிக்கப்பட்ட சாம்பிளுக்கு அந்த வாயில் வேறு மாதிரி நடக்க வேண்டும்: எக்ஸ், ஒய் எண்கள் திரையிலோ அச்சிலோ டெக்னீஷியன் பார்க்கும் பதிவுக் கோப்பிலோ வரக் கூடாது. அடையாளத்துக்கு எஸ்என்பி ஒப்பீடே போதும். தாயின் செல் கலந்திருக்கிறதா என்பதைத் தனியாகச் சோதியுங்கள். வெளியூர் மென்பொருளை வாங்கினால் அதன் வழக்கமான தர அறிக்கையின் முதல் வரியிலேயே பாலினம் இருக்கும். நிறுவும் அன்றே அதை மூடச் சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பும் தானியக்கம் வேண்டாம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஒரு பக்கம் இருக்க, இது ஒருவருடைய விடை மட்டுமல்ல, அவர் அண்ணன் தங்கைகளுடையதும்கூட.

படி 10: வேலிடேஷன்

ஒவ்வொரு படியையும் தனியாகச் சரிபார்த்துவிட்டு, முழுச் சங்கிலியையும் மறுபடி ஒருமுறை. எத்தனை சாம்பிள் என்று எல்லோரும் கேட்பார்கள். 59 சாம்பிள் ஓட்டி 59உம் சரியாக வந்தால், 95 சதவீத நம்பிக்கையோடு குறைந்தது 95 சதவீதம் சரியாக வரும் என்று சொல்லலாம். 0.95ஐ 59 முறை பெருக்கிப் பாருங்கள், 0.05க்குக் கீழே வரும். புற்றுநோய் என்ஜிஎஸ் பேனல்களுக்கு ஏஎம்பி, சிஏபி (அமெரிக்க நோயியல் கல்லூரி) அமைப்புகள் 2017இல் இந்த எண்ணைச் சொன்னது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

அமெரிக்கத் தர நிறுவனமான என்ஐஎஸ்டியின், விடை முன்பே தெரிந்த என்ஏ12878 டிஎன்ஏ பொதுவான துல்லியத்துக்குச் சரி. ஆனால் அதை மட்டும் ஓட்டிவிட்டு தலசீமியா லேப் வேலிடேட் ஆகிவிட்டது என்று எழுதக் கூடாது. மேலே சொன்ன ஐந்து மாற்றங்களுக்கும், ஹீமோகுளோபின் எஸ் (அரிவாள் செல்), ஈ இரண்டுக்கும், ஏற்கெனவே வேறு முறையில் உறுதியான உங்கள் சேமிப்பு சாம்பிள்கள் அந்த 59க்குள் இருக்க வேண்டும். 619 நீக்கம் இல்லாத வேலிடேஷன் கோப்பை நான் ஏற்க மாட்டேன்.

கையால் செய்வதையும் ரோபோ செய்வதையும் கொஞ்ச காலம் இணையாக ஓட்டுங்கள். அதன்பின் எந்த மாற்றம் வந்தாலும், அது கிட்டின் புது லாட்டோ, மென்பொருளின் புதுப் பதிப்போ, ரோபோவை இரண்டடி நகர்த்தியதோ, எவ்வளவு மறுபரிசோதனை என்று ஒரு பட்டியல் முன்பே இருக்கட்டும். மருத்துவ லேப் தரநிலையான ஐஎஸ்ஓ 15189 தணிக்கைக்கு வருபவர் முதலில் கேட்பதும் இதைத்தான். இஎம்க்யூஎன், யுகே நீக்வாஸ், சிஏபி போன்ற வெளித் தரச் சோதனைகளின் சாம்பிள்களைச் சிறப்பு மரியாதை எதுவும் இல்லாமல் அன்றாட வரிசையிலேயே விடுங்கள்.

படி 11: நின்றுபோகும் நாள்

ரோபோ ஒருநாள் பாதியில் நிற்கும். மின்சாரம் போகும், டிப் சிக்கும், கணினி அப்டேட் கேட்கும். லைப்ரரி தயாரிப்பில் எந்தெந்தப் படிக்குப் பிறகு பிளேட்டை மூடி ஃப்ரீசரில் வைக்கலாம், எந்தப் படியில் நின்றால் முழுவதும் வீண் என்ற பட்டியலை லேமினேட் செய்து ரோபோவின் மேலேயே ஒட்டுங்கள். லிகேஷன் (அடாப்டரை ஒட்டும் படி) நடுவில் நின்றால் காப்பாற்ற முடியாது. மணியால் சுத்தம் செய்து எடுத்த பிறகு நின்றால் பதற வேண்டியதில்லை. ரோபோ, சர்வர் இரண்டுக்கும் யுபிஎஸ் தனித்தனி.

கைவேலை எஸ்ஓபியை (படிப்படியான செய்முறைக் குறிப்பு) தூக்கிப் போடாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எட்டு சாம்பிளைக் கையாலேயே முழுவதும் செய்யச் சொல்லுங்கள், அதுவும் ரோபோ வந்த பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களை. ரோபோவின் திரையில் வரும் பிழை எண்ணைப் படித்து முடிவெடுக்கத் தெரிந்தவர் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். அவர்கள் இருவருக்கும் ஒரே வாரத்தில் லீவு கொடுக்காதீர்கள்.